பாட்டைப் பெற்றவர்களே பாடும் இரவு

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், கிரீன் ஹில்ஸ் பகுதியின் கடை வரிசை ஒன்றுக்குள் அடங்கிக் கிடக்கிறது புளூபேர்ட் கஃபே. நெருக்கி உட்கார்ந்தாலும் சுமார் 90 பேருக்குத்தான் இடம். ஆனால் கன்ட்ரி இசையின் தலைநகரான அந்த ஊரில், பாட்டு எழுதுகிற எவரும் ஒருநாளாவது பாடிவிட வேண்டும் என்று ஆசைப்படும் அறை இது. 1982-ல் ஏமி கர்லண்ட் என்ற பெண் உணவகமாகத்தான் இதைத் தொடங்கினார். பாட்டு வந்தது, சாப்பாடு இரண்டாம் இடத்துக்குப் போனது.

ஒரே ஒரு கண்டிப்பு: பாடும்போது யாரும் பேசக்கூடாது. மீறினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள்.

1980களின் நடுவில் டான் ஷ்லிட்ஸ் உள்ளிட்ட சில பாடலாசிரியர்கள் மேடையை விட்டிறங்கி, அறையின் நடுவே ஒருவரையொருவர் பார்த்தபடி நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் கிட்டாரிலோ குரலிலோ துணை சேர்ப்பார்கள். பிறகு அடுத்தவர் முறை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், அது எந்தக் காதல் முறிந்தபோது, எந்தச் சாவு வீட்டிலிருந்து திரும்பியபோது பிறந்தது என்ற கதை வரும்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டிரிஷியா வாக்கர், ஆஷ்லி கிளீவ்லண்ட், கேரன் ஸ்டேலி, பாம் டில்லிஸ் என நான்கு பெண்கள் 'விமன் இன் தி ரவுண்ட்' என்ற பெயரில் அந்த வட்டத்தில் அமர்ந்தார்கள்.

மனதைத் திறந்து பாடுவது எளிது; பொய் கலக்காமல் திறப்பதுதான் கஷ்டம். கண்ணீரைக் கொஞ்சம் கூட்டினால் கைதட்டல் கூடும் என்று மேடை ஏறிய எல்லோருக்கும் தெரியும். இந்த வட்டத்தில் அந்த வித்தை செல்லாது. எதிரே மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் அதே தொழில் தெரிந்த இன்னொரு பெண். எந்த வரி வாழ்ந்து வந்தது, எது எதுகைக்காக வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கூட்டத்தின் கண் அல்ல, அவருடைய கண்தான் பாட்டை நேர்மையாக வைத்திருக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. கேரன் ஸ்டேலி இணைந்து எழுதிய 'டேக் மீ ஆஸ் ஐ ஆம்' ஊரெல்லாம் ஒலித்தது ஃபெய்த் ஹில்லின் குரலில். டிரிஷியா வாக்கர் இணைந்து எழுதிய பாட்டுக்குக் கிராமி வாங்கியவர்கள் அலிசன் கிராஸ் குழுவினர். எழுதியவர் பெயர் இசைத்தட்டு உறையின் பொடி எழுத்தில் தங்கிவிடும். அந்த வட்டத்தில் மட்டும் பாட்டு, தன்னைப் பெற்றவளின் வாய்க்குத் திரும்புகிறது. பாம் டில்லிஸ் பின்னாளில் பெரிய நட்சத்திரமானார். 1994-ல் ஆண்டின் சிறந்த கன்ட்ரி பாடகி விருதும் பெற்றார். வட்டத்துக்குள் அவருக்கும் மற்றவர்களைப் போலவே ஒரு நாற்காலி, சுற்றுக்கு ஒரு பாட்டுதான்.

வெளியே நிலைமை வேறு. அடுத்தடுத்து இரண்டு பெண் குரல்களை ஒலிபரப்ப அமெரிக்க ரேடியோக்கள் நெடுங்காலம் தயங்கின. 2015-ல் ஒரு வானொலி ஆலோசகர், கன்ட்ரி இசை என்ற சாலட்டில் ஆண்கள்தான் கீரை, பெண்கள் மேலே தூவும் தக்காளி என்று சொல்லப்போய்ப் பெரும் ரகளையானது. அதற்கு முந்தைய ஆண்டே, நாஷ்வில்லின் லிஸனிங் ரூம் கஃபேயில் 'சாங் சஃப்ரஜெட்ஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியிருந்தது: திங்கட்கிழமை தோறும் ஐந்து இளம்பெண்கள், அவரவர் எழுதிய பாட்டு.

ரேடியோ பயந்தது அடுத்தடுத்து இரண்டு பெண் குரல்களுக்கு. இந்தப் பெண்கள் வட்டங்களில் இரவு முழுக்க வேறு குரலே இல்லை. அதைக் கேட்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள்.