பூங்காவுக்கு வந்த பட்டமரங்கள்

நியூயார்க்கில் ஃபிளாட்அயர்ன் கட்டடத்தை ஒட்டி இருக்கிறது மேடிசன் சதுக்கப் பூங்கா. 2021 மே மாதம் அதன் புல்வெளியில் 49 மரங்களைக் கொண்டுவந்து நட்டார் மாயா லின். அத்தனையும் பட்டுப்போனவை. நாற்பதடி உயரத்துக்கு, ஓர் இலைகூட இல்லாமல் வெளிறி நின்றன. படைப்பின் பெயர், 'பேய்க்காடு'.

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்தவர் இவர். அந்தப் போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 21. அங்கே மாண்டவர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் பொறிக்கவைத்தவர், இங்கே மாண்ட மரங்களையே நேரில் நிறுத்திவிட்டார்.

இவை நியூஜெர்சியின் பைன் பேரன்ஸ் பகுதியைச் சேர்ந்த அட்லாண்டிக் வெள்ளைச் சீடர் மரங்கள். நன்னீர்ச் சதுப்பில் வளர்பவை. கடல்மட்டம் உயர்ந்து, புயல்கள் உப்புநீரை உள்ளே தள்ளும்போது வேர் செயலிழந்து, மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகிறது. சுனாமிக்குப் பின் உப்பேறிய வயலைப் பார்த்த நாகை உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புக்கு முன்பே கோடரியும் வந்துவிட்டது. லேசான, எளிதில் உளுத்துப்போகாத மரம் என்பதால் கூரைக்கும் படகுக்கும் வெட்டித் தீர்த்தார்கள். 5 லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்த சீடர் காடு இன்று 50 ஆயிரம் ஏக்கருக்கும் குறைவு.

மரத்தைப் பேசும் கலை பெரும்பாலும் நடுவதையே பேசுகிறது. ஜெர்மனியின் காசெல் நகரில் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982இல் தொடங்கிய 7,000 மர நடவு, 1986இல் அவர் மறைந்த பிறகும் தொடர்ந்து, மறு ஆண்டு நிறைவேறியது. மகத்தான செயல். ஆனாலும் லின் செய்ததுதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. கன்று நடும் விழாவில் காட்டை அழித்தவரும் வந்து கைதட்டிவிட்டுப் போகலாம். பட்டமரத்தின் முன்னால் அது முடியாது. கோடை முழுக்கப் பூங்கா மரங்கள் தழைத்து நிழல் தந்தன, இவற்றில் ஒரு துளிர் இல்லை. பூங்கா இருக்கும் மன்ஹாட்டனில் ஒருகாலத்தில் வாழ்ந்த பறவை, விலங்குகளின் குரல்களைத் தொகுத்துக் கேட்கவும் லின் வழி செய்திருந்தார்.

நவம்பரில் கண்காட்சி முடிந்தது. பிராங்க்ஸ் பகுதியில் இளையவர்களுக்குப் படகு கட்டக் கற்றுத்தரும் அமைப்புக்கு அந்த மரங்கள் போயின. கண்காட்சியால் காற்றில் கலந்த கரியமில வாயுவுக்கு ஈடாக நகரில் 1,000 மரங்களும் புதர்களும் நட ஏற்பாடாயிற்று. நல்ல காரியம்தான். ஆனால் சீடர் மரங்களை இழந்த சதுப்பு அதனால் திரும்பாது. அங்கே முதலில் உப்புநீர் ஏறுவது நிற்க வேண்டும். அதுவரை அந்த மண்ணில் எந்தச் சீடர் கன்றை நட்டாலும் பிழைக்காது.