விமானத்திற்கும் உண்டு பிளேட் நம்பர்!

உறவினரை வழியனுப்ப விமான நிலையத்திற்குப் போயிருப்பீர்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் விமானத்தின் பின்புறத்தை என்றாவது உற்றுப் பார்த்ததுண்டா? '9எம்' என்று தொடங்கி, சிறு கோடு, அப்புறம் மூன்று எழுத்துகள். அதுதான் அந்த விமானத்தின் பிளேட் நம்பர்!

மோட்டார் சைக்கிளில் 'ஏ' என்றிருந்தால் பேராக், 'ஜே' என்றால் ஜொகூர் அல்லவா? அதே போல '9எம்' மலேசியா, '9வி' சிங்கப்பூர், 'விடி' இந்தியா, 'ஏபி' பாகிஸ்தான். 1944-இல் சிக்காகோவில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, எந்த நாட்டில் பதிவோ அந்த நாட்டுப் பிரஜைதான் விமானம். ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிய முடியாது. (டிக்கெட்டில் உள்ள எண் வேறு. அது பயணத்தின் எண். இன்று ஒரு விமானமும் நாளை இன்னொன்றும் அதே எண்ணில் பறக்கும்.)

சரி, வாலில் கம்பெனியின் சின்னம் பளபளக்கிறதே, விமானம் அவர்களுக்குச் சொந்தந்தானே? அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

தவணையில் எடுத்த மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ஓட்டுவது நீங்கள், கடன் தீரும்வரை உரிமை பைனான்ஸ்காரருக்கு. விமானங்களிலோ பல, வெறும் வாடகை விமானங்கள்! வாங்கி வாடகைக்கு விடுவதற்கென்றே பெரிய கம்பெனிகள் இருக்கின்றன; அவற்றில் பல அயர்லாந்து நாட்டில். வாடகைக்கு எடுத்தவர் தம் சாயத்தை அடித்து, பெரும்பாலும் தம் நாட்டிலேயே பதிந்துகொள்வார். கெடு முடிந்து வேறு நாட்டுக்குப் போனால், பழைய எழுத்தை அழித்துப் புது எழுத்து எழுதுவார்கள்.

வாடகை பாக்கி விழுந்தால்?

2021 ஜனவரி 15. கோலாலம்பூரில் பாகிஸ்தான் சர்வதேச விமான நிறுவனத்தின் போயிங் 777 புறப்படத் தயாராக நின்றது. பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் வந்தது நீதிமன்றத் தடையுத்தரவு! உடம்பில் 'ஏபி' என்ற பாகிஸ்தான் எழுத்து. சொந்தக்காரரோ டப்ளினில் உள்ள வாடகைக் கம்பெனி. பாக்கித் தகராறு லண்டன் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. விமானம் இங்கே இறங்கியதும் பிடித்துக்கொண்டார்கள்.

பாவம், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு என்ன தெரியும்? மூட்டை முடிச்சோடு இறங்கி, வேறு விமானங்களில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏறக்குறைய 70 லட்சம் அமெரிக்க டாலர் கட்டியாகிவிட்டது என்று லண்டன் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்த மாதக் கடைசியில் இங்குள்ள நீதிமன்றமும் விமானத்தை விடுவித்தது. வந்தபோதிருந்த அதே 'ஏபி' எழுத்துகளோடு அது பாகிஸ்தானுக்குப் பறந்தது.