இழுக்க வராத ஸ்லைடு!

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலின் மேல்பகுதிதான் ஸ்லைடு. அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காத அமெரிக்க முதியவர்களுக்கு அங்கேதான் சிக்கல். குட்டித் துப்பாக்கி என்றால் சுலபம் என நினைத்து வாங்குகிறார்கள். நேர் எதிர்! ஸ்லைடு எடை குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகத்தான் இருக்கும்.

பயிற்சியாளர்கள் சொல்லும் வழி எளிது. விரல் நுனியால் கிள்ளி இழுக்காமல், மறு கையால் ஸ்லைடை மேலிருந்து இறுகப் பற்றி நெஞ்சருகே அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, கைப்பிடியைப் பிடித்திருக்கும் கையை முன்னால் தள்ள வேண்டும். விரலின் வேலையைத் தோள் பார்த்துக்கொள்ளும். ஆனால், திணறும்போது உடம்பு திரும்பி, குழல் பக்கத்தில் இருப்பவரை நோக்கிவிடும். விரல் ட்ரிக்கருக்குப் போய்விடும். அதுதான் பெரிய ஆபத்து. அதனாலேயே பழகுவது காலித் துப்பாக்கியில்.

‘ரிவால்வர் வாங்குங்களேன்’ என்பார்கள். அதன் கனமான ட்ரிக்கரை இழுக்கவும் அதே விரல்தானே வேண்டும்!

இந்த வாடிக்கையாளர்களுக்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-ல் ‘ஷீல்டு ஈஸி’யைக் கொண்டுவந்தது. இத்தாலியின் பெரெட்டா ‘டாம்கேட்’டில் குழலின் பின்முனை மேலே எழும்பும்; தோட்டாவை நேராகவே வைக்கலாம்.

பாட்டியின் கைக்கு இளகும் ஸ்லைடு, பேரனின் கைக்கும் இளகும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது சட்டப்படி கட்டாயம்.