காத்திருக்கும் நாய்களுக்கு ஒரு வீடு

உயிர்களிடம் இரக்கம் காட்டுவதை நம் அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமையாகக் குறிப்பிடுகிறது. அருகிலுள்ள நாய்கள் காப்பகத்தில் விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் தொண்டாற்றியும் நாம் அக்கடமையை நிறைவேற்றலாம்.

குட்டிகளைத் தத்தெடுக்கப் பலர் முன்வருவர். வளர்ந்த நாட்டு நாய்களே பெரும்பாலும் நெடுநாள் காத்திருக்கின்றன. அவற்றை நடைக்கு அழைத்துச் சென்று பழக்குவோம். குழந்தைகளிடம் எப்படி நடந்துகொள்கிறது, வெடியோசைக்கு அஞ்சுகிறதா, தனிமையைத் தாங்குமா என்று கவனித்துக் குறித்து வைப்போம்.

தத்தெடுக்க வருவோரிடம் நிறைகளோடு குறைகளையும் எடுத்துரைப்பதே நமது தலையாய பணி. குறையை மறைத்துக் கொடுத்தால், அந்த நாய் மீண்டும் கூண்டுக்கே திரும்ப நேரிடும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் ஒப்படைத்து, முதல் சில வாரங்கள் நலம் விசாரித்து வந்தால், புதிய வீடு அதற்கு நிலையான வீடாகும்.