பிளாஸ்டிக் புல்லுக்கும் ஆள் வேண்டும்!
மழைக்கு முன் கவனிக்க வேண்டியவை

"தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெட்ட வேண்டாம். உரம் வேண்டாம். மாலியும் வேண்டாம்!"

இப்படிச் சொல்லித்தான் பிளாஸ்டிக் புல்லை விற்கிறார்கள். இதை நம்பி, மும்பையில் பல சொசைட்டிகள் முற்றத்தில் பச்சைப் புல் விரித்திருக்கின்றன. செம்பூரிலும் மாதுங்காவிலும் பால்கனிகளில்கூட இதைப் பார்க்கலாம்.

முதல் ஆண்டு பார்க்க அழகுதான். இரண்டு மழைக்காலம் போனதும் புல் படுத்துவிடுகிறது. ஓரம் கிளம்புகிறது. பாசி பிடிக்கிறது. காலையில் நடக்க வரும் பெரியவர் வழுக்கி விழுகிறார்.

பழி யார் மீது விழும்? வாட்ச்மேன் மீது. அல்லது பெருக்கும் பெண் மீது. ஆனால் இந்தப் புல்லை எப்படிப் பேணுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

புல் செத்த இடத்தில் பிறந்தது

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1965-ல் 'ஆஸ்ட்ரோடோம்' என்ற கூரை போட்ட விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. கூரைத் தகடுகள் வழியே வந்த வெளிச்சம் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசியது. தகடுகளுக்கு வர்ணம் பூசினார்கள். வெயில் இல்லாமல் உள்ளே இருந்த புல் செத்தது. 1966-ல் அங்கே செயற்கைப் புல் விரித்தார்கள். 'ஆஸ்ட்ரோ டர்ஃப்' என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

நம் நாட்டுக்கு இதன் அருமையைக் காட்டியது ஹாக்கி. 1975-ல் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஆடி ஏழாவது இடத்துக்குப் போனது. 1980-ல் மாஸ்கோவில், தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் செயற்கைத் தரையிலேயே தங்கம் வென்றது.

அந்த ஹாக்கித் தரைக்கும் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிக்கிறார்கள். வேலையே இல்லாத புல் எங்கும் கிடையாது.

தண்ணீர் தேங்கினால் ஆபத்து

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. புல்விரிப்பின் அடியில் தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் உண்டு. மண்ணும் இலையும் அவற்றை அடைத்துவிடும். கீழே சிமெண்டுத் தரை சரிவில்லாமல் இருந்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும். பசை விட்டுப் போகும். நாற்றமும் பாசியும் வரும்.

ஆகவே மே மாதத்திலேயே இவற்றைச் செய்ய வேண்டும்:

* ஓட்டைகளையும் சாக்கடை வாயையும் சுத்தம் செய்யுங்கள்.

* புல் படுத்திருக்கும் திசைக்கு எதிராக நைலான் பிரஷால் தேய்த்து நிமிர்த்துங்கள். கம்பி பிரஷ் இழையை அறுத்துவிடும்.

* இழைகளுக்கு நடுவே மணல் போட்ட விரிப்பானால், மணல் குறைந்த இடத்தில் காய்ந்த சிலிக்கா மணலைத் தூவுங்கள்.

* பாசிக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து, தேய்த்துக் கழுவுங்கள். கழிவறை ஆசிட் கூடவே கூடாது.

ஒட்டுப் போடும் முறை

தீபாவளிப் பட்டாசு, ஊதுவத்தி நெருப்பு, இஸ்திரிக் கரி இவற்றில் ஒரு பொறி போதும், புல் உருகிவிடும். அதற்காக முழு விரிப்பையும் மாற்ற வேண்டியதில்லை. தையல்காரர் ஒட்டுப் போடுவது போல் இதற்கும் ஒட்டுப் போடலாம்.

கெட்ட இடத்தைச் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். அதே அளவில் புதுத் துண்டு வெட்ட வேண்டும். வெல்வெட் துணியைப் போல இதிலும் இழை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பழையதும் புதியதும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் ஒட்டு தெரியாது. அடியில் இணைப்புப் பட்டை வைத்து, அதற்கான பசை தடவி, கனம் ஏற்றி ஒரு நாள் விட வேண்டும். தரை ஈரமாக இருந்தால் பசை பிடிக்காது.

புல் விரிக்கும்போதே மிச்சத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு கடையில் அதே நிறம் கிடைப்பது அரிது.

எறிந்தால் எங்கே போகும்?

பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பதில் தாராவிக்கு ஈடு கிடையாது. ஆனால் இந்தப் புல் அவர்களுக்கும் சிக்கல்தான். இழை ஒரு வகைப் பிளாஸ்டிக், அடித்துணி வேறு வகை, அதன் அடியில் ரப்பர்ப் பசை, நடுவே மணல். பிரித்து எடுப்பது கடினம். பிரிக்க முடியாதது குப்பை மேட்டுக்குத்தான் போகும். தேய்ந்து உதிரும் துகள் சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகும். செயற்கை மைதானங்களில் தூவும் பிளாஸ்டிக், ரப்பர் துகள்களின் விற்பனையை 2031 முதல் தடுக்க ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் செய்திருக்கிறது.

வெயில் விழும் மண்தரை இருந்தால் உண்மைப் புல்லே மேல். வெயில் எட்டாத சிமெண்டு முற்றத்தில் பிளாஸ்டிக் புல் விரித்தாகிவிட்டதா? அதைப் பல ஆண்டுகள் உழைக்க வைப்பதே சிக்கனம்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தொழிலும் இருக்கிறது. ஒரு பிரஷ், ஒரு கத்தி, கொஞ்சம் பசை, பொறுமை. முதல் அவ்வளவுதான். புல் விரித்த அன்று கணக்குத் தீர்த்து அனுப்பிய மாலியைத் திரும்ப அழைத்து, இந்த வேலையைக் கற்றுக்கொடுத்து, அதற்குரிய கூலியும் கொடுத்தால் சொசைட்டிக்கு நஷ்டமில்லை. புது விரிப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் செக்ரட்டரிக்கே அது விளங்கும்!