எழுதி நீக்கினால் கடன் தீருமா?

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய கடன் தகவல் அறிக்கையில், பழைய கல்விக் கடனுக்கு எதிரே 'ரைட்டன் ஆஃப்' என்று குறிக்கப்பட்டிருந்ததாம். கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று குடும்பமே மகிழ்ந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து, வட்டியுடன் முழுத் தொகையையும் கேட்டு வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. "தள்ளுபடி செய்துவிட்டு மறுபடியும் எப்படி ஐயா கேட்கலாம்?" என்றார்.

பிழை அவருடையது மட்டுமல்ல. 'ரைட்' என்றால் எழுது; 'ஆஃப்' என்றால் அப்பால், விலகி. இரண்டையும் சேர்த்து 'எழுதித் தள்ளு' என்று பெயர்த்தால், தமிழில் அது ஓயாமல் எழுதிக் குவிப்பதாகிவிடும். இத்தகைய ஆங்கிலக் கூட்டுவினைகளைப் பிரித்துப் பொருள் காண முடியாது. புழங்கும் இடத்தை வைத்தே அறிய வேண்டும். விபத்தில் நொறுங்கி, பழுதுபார்க்கும் செலவு மதிப்பை மிஞ்சிவிட்ட காரையும் 'ரைட் ஆஃப்' என்பார்கள். நண்பருக்குக் கொடுத்த கைமாற்றைக் காந்தி கணக்கில் எழுதுகிறோமே, அதற்கும் இச்சொல் பொருந்தும்.

வங்கியில் அப்படியல்ல. வாராக் கடனுக்கு ஈடாக வங்கி தன் லாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்கிறது. முழு ஒதுக்கீடு செய்து நான்கு ஆண்டுகள் கடந்தவை உள்ளிட்ட வாராக் கடன்களை ஐந்தொகையிலிருந்து நீக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. நீங்குவது பேரேட்டுப் பதிவு மட்டுமே. கடன்பட்டவரின் பொறுப்பு நீங்காது. கடன் மீட்புத் தீர்ப்பாயம், பிணையச் சொத்து ஏலம் என வசூல் முயற்சி தொடரும்.

கடன்பட்டவரையே விடுவிப்பதற்கு ஆங்கிலத்தில் 'வெய்வ்' என்று வேறு சொல் உண்டு. 2008-இல் மத்திய அரசு அறிவித்த விவசாயக் கடன் தள்ளுபடியும், 2021-இல் தமிழக அரசு அறிவித்த ரூ.12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியும் அவ்வகை. நம் செய்திகளோ இரண்டையும் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. (ஆடி மாதத் துணிக்கடையும், நீதிமன்ற மனுவும் அச்சொல்லில் ஏற்கெனவே பங்கு கேட்கின்றன!)

பெருநிறுவனங்களின் கடன்கள் இவ்வாறு நீக்கப்படுவது குறித்து எழும் கோபம் தவறு என்று சொல்லமாட்டேன். நீக்கிய கடனில் திரும்பி வருவது பெரும்பாலும் சிறு பகுதியே. ஆனால், "ஏன் தள்ளுபடி செய்தீர்கள்?" என்று கேட்டால், "தள்ளுபடியே செய்யவில்லை" என்று ஆட்சியில் இருப்பவர்கள் ஒரே வரியில் நழுவிவிடுவார்கள். "நீக்கியதில் எவ்வளவு வசூலித்தீர்கள்?" என்ற கேள்விக்கு அவ்வாறு நழுவ இயலாது. செய்தியில் 'கணக்கு நீக்கம்' என்று எழுதினால் அக்கேள்வி தானே எழும்.

மாணவர் இப்போது, ஒரே தவணையில் ஒரு தொகையைக் கட்டித் தீர்த்துக்கொள்ள வங்கியுடன் பேசிவருகிறார். அறிக்கையில் அடுத்து 'செட்டில்ட்' என்று வருமாம். அதற்கும் முழுக் கடனையும் அடைத்தவர் என்ற பொருள் கிடையாது என்று சொல்லித்தான் அனுப்பினேன்.