தலைகீழ் கெளுத்தி வாங்கப் போகிறீர்களா? பெயரைப் பில்லில் கேளுங்கள்

வண்ணமீன் கடைகளில் ‘அப்சைடு டவுன்’ என்று சொல்லி விற்கப்படும் குட்டிக் கெளுத்தியின் தாயகம் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் படுகை. அறிவியல் பெயர் சைனோடான்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ். முழு வளர்ச்சியிலும் 10 செ.மீ.யைத் தாண்டாது. வயிற்றை மேலே காட்டி நீந்துவதால் இதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. அந்தக் கிராக்கியைப் பயன்படுத்தி, இதே பெயரில் வேறு மீன்களும் கைமாறுகின்றன.

சைனோடான்டிஸ் பேரினத்தில் 130-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் நைல், நைஜர், செனகல் ஆறுகளில் வாழும் சைனோடான்டிஸ் நைக்ரிட்டாவின் குஞ்சுதான் பெரும்பாலும் மாற்றி விற்கப்படுகிறது. அது 20 செ.மீ.க்கு மேல் வளரும். சில பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு, இனம் பார்க்காமல் சேர்த்து உருவாக்கும் கலப்பினக் குஞ்சுகளும் இதே பெயரில் சந்தைக்கு வருகின்றன. சிறிய தொட்டிக்கு என்று வாங்கிய மீன் பெரிதாகி, கூட இருக்கும் சின்ன மீன்களை விழுங்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

அடையாளம் காண்பது எப்படி?

தலைகீழாக நீந்துவதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பேரினத்தின் வேறு பல இனங்களும் அவ்வப்போது அப்படி நீந்தும். பார்க்க வேண்டியது வயிற்றின் நிறத்தை. பொதுவாக மீன்களுக்கு முதுகு கருமையாகவும் வயிறு வெளுத்தும் இருக்கும். நைக்ரிவென்ட்ரிஸுக்கு வயிறு முதுகைவிடக் கருமை. வயிறு மேலே பார்த்திருப்பதால், மேலிருந்து கொத்த வரும் பறவையின் கண்ணுக்குத் தப்ப இந்த நிறம் உதவுகிறது.

உடல் குட்டையாகவும் தடிப்பாகவும், பழுப்புத் திட்டுகளோடும் இருக்கும், கண்கள் பெரியவை. மிரண்ட மீனின் நிறம் மங்கிவிடும் என்பதால், கடையில் சற்று நேரம் நின்று கவனியுங்கள். 10 செ.மீ.யைத் தெளிவாகத் தாண்டிய மீனை இந்தப் பெயரில் காட்டினால் வாங்காதீர்கள்.

வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை

இது கூட்டமாக வாழும் மீன். நான்கைந்தாவது சேர்த்து வளர்க்க வேண்டும். அதற்கு 80 லிட்டருக்குக் குறையாத தொட்டி நல்லது. வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ், பி.எச். 6 முதல் 7.5 வரை இருக்கலாம். பகலில் ஒளிந்துகொள்ள மரவேர்களும் அகன்ற இலைச் செடிகளும் தேவை. இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியபடி ஓய்வெடுக்கும். மீசையால் தரையைத் துழாவும் பழக்கம் உள்ளதால், கூரான சரளைக் கல்லைத் தவிர்த்து மணல் போடுங்கள். இரவில்தான் இரை தேடும். விளக்கை அணைத்த பிறகு தீனி போட்டால் போதும். கொசுப்புழுவை விரும்பித் தின்னும்.

மற்ற மீன்களுக்குப் போடும் மருந்தை அதே அளவில் இதற்குப் போடக் கூடாது. உடலில் செதில் இல்லாததால் தாமிரம், மாலகைட் கிரீன் கலந்த மருந்துகள் இதைக் கடுமையாகத் தாக்கும்.

முள்ளும் ஆபத்துதான். முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் உள்ள முட்களை இது விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் பிடித்தால் முள் சிக்கி மீன் காயப்படும். கையால் பிடித்தால் நமக்குக் குத்தும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு அள்ளுவதே பாதுகாப்பு. குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, தோல் பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருங்கள்; கொதிநீர் வேண்டாம். முள் உடைந்து உள்ளே தங்கினாலோ வீக்கம் பரவினாலோ மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்றும் கேளுங்கள்.

ஏமாற்றப்பட்டால் என்ன வழி?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 மீன் வாங்குபவருக்கும் பொருந்தும். பொருளின் தரம், வகை பற்றிப் பொய் சொல்லி விற்பது அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தரவேண்டிய காலம் பில்லில் இல்லை என்றால், அது 30 நாள்.

ஆகவே பில்லில் ‘மீன் 4’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். இனத்தின் முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

கடைக்காரர் மறுத்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். விற்றவர் வேறு ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆற்றில் விடாதீர்கள்

இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி, அதாவது கிளாரியஸ் காரிபினஸ், வேறு குடும்பத்து மீன். பெயரைக் கேட்டு இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தத் தடைக்குப் பின்னுள்ள பாடம் இதற்கும் பொருந்தும்: வெளிநாட்டு மீன் நம் நீர்நிலையில் புகுந்தால் நாட்டு மீன்கள் அழியக்கூடும். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பிறகு வெளியே விடப்பட்ட சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

வளர்க்க முடியாமல் போனால் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ கிணற்றிலோ ஒருபோதும் விடாதீர்கள்.